பலகைக்குப் பலகை ஒரு ரூபாய்க் காசு

வண்டியின் அடியில் மல்லாந்து படுத்தால்தான் தளத்தின் கதை தெரியும். மேலே நின்று பார்ப்பவன் கண்ணுக்குப் பெயின்ட்தான் தெரியும். 2019 மார்ச் மாதம் தில்லி மந்திர் மார்க்கை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கராஜில், சாக்கை விரித்துப் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு பலகையாகக் குத்திக்கொண்டே வந்தேன். நடுப்பகுதியில் 'டக் டக்' என்று கையைத் திருப்பி அடித்தது. கேபினை ஒட்டிய முனைக்கு வந்ததும் சத்தமே இல்லாமல் கைப்பிடிவரை உள்ளே இறங்கிவிட்டது. வெளியே இழுத்தால் நனைந்த தேயிலைத்தூள் மாதிரி கறுப்பாக முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

வண்டி 1951ஆம் வருஷத்து செவர்லே, அரை டன் பிக்கப். அந்தக் காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு பம்பாய் சேவ்ரியில் தொழிற்சாலை இருந்தது. 1928இல் தொடங்கி, வண்டிகளை உதிரியாகக் கொண்டுவந்து பூட்டி விற்றார்கள், 1954இல் நிறுத்திவிட்டார்கள். அதே 1954இல்தான் ஜாம்ஷெட்பூரில் டாடாவின் முதல் மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வெளியே வந்தது. அதனால் தில்லிச் சாலைகளில் செவர்லே லாரியையும் பிக்கப்பையும் பார்த்தவர்கள் இப்போது வயதானவர்களாகத்தான் இருப்பார்கள்.

வண்டிக்காரருக்கும் எழுபத்தைந்து தாண்டியிருந்தது. அவருடைய அப்பா பஞ்சகுயான் ரோட்டில் மரச்சாமான் கடை வைத்திருந்தவர். கட்டிலும் பீரோவும் நாற்காலியும் இந்த வண்டியில்தான் கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கின்றன. மந்திர் மார்க்கை இன்னும் அவர் ரீடிங் ரோடு என்றுதான் சொல்லுவார். வைஸ்ராய் ரீடிங் பிரபுவின் பெயரில் இருந்த பழைய பெயர் அது. 1939இல் காந்தி வந்து திறந்து வைத்த பிர்லா மந்திரால்தான் சாலைக்கு இன்றைய பெயர். நான் அவரை 'பாவுஜி' என்பேன், அவர் என்னை 'மிஸ்திரிஜி' என்பார்.

அக்கம்பக்கத்தில் கேட்காத ஆள் இல்லை: ஓட்ட முடியாத வண்டிக்கு எதற்குச் செலவு, மாயாபுரி பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடலாமே என்று. பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டி தில்லிச் சாலையில் ஓடக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்திருந்த நேரம். பாவுஜி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஓட வேண்டாம், மிஸ்திரிஜி. நான் ஏறி நின்றால் கால் உள்ளே போகக் கூடாது." அவர் சின்னப் பையனாக அந்தத் தளத்தில் நின்றுகொண்டு போனவர். அந்த ஆசைக்குக் காரணம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

நான் லாரி பாடி கட்டிப் பழகியவன். சொந்த ஊர் சங்ககிரிப் பக்கம். திருச்செங்கோடு, நாமக்கல், சங்ககிரி வட்டாரத்தில் பாடி பட்டறைகள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது. அங்கே மரவேலைக்காரர்களில் பாதிப்பேர் மாட்டுவண்டி செய்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். தாத்தா கருவேலங்கட்டையில் வட்டையும் ஆரக்காலும் செதுக்கினார். பெரியப்பா லாரிக்கு மாறினார். 1978இல் பதினாறு வயதில் நான் அவர் பட்டறைக்குள் போனபோது, எண்ணூரிலிருந்து லேலண்ட் சேஸிஸ் மொட்டையாக வரும். கேபின் கிடையாது, கதவு கிடையாது. டிரைவர் ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, புழுதியில் முக்கி எடுத்த மாதிரி வந்து இறங்குவார். கேபினிலிருந்து பின்கதவு வரை எல்லாம் நாங்கள் கட்ட வேண்டியது.

பெரியப்பா முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்த இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, சேஸிஸின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் துளை போடக் கூடாது. போட்ட இடத்திலிருந்துதான் ஒருநாள் கீறல் ஓடும். யூ போல்ட் போட்டுத்தான் கட்டையைக் கட்ட வேண்டும். கட்டும்போது சேஸிஸின் வாய்க்குள் ஒரு மரத்துண்டை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் போல்ட்டை முடுக்க முடுக்க விளிம்பு உள்ளே வளைந்துவிடும். இரண்டு, தளம் சேஸிஸோடு சேர்ந்து முறுக்கிக்கொடுக்க வேண்டும். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் சேஸிஸ் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். மேலே இருப்பதும் கூடவே முறுக்க வேண்டும், பிறகு பழையபடி வந்து நிற்க வேண்டும். மரம் அதைச் செய்யும். விறைப்பாக வெல்டிங் வைத்த இரும்பு இரண்டு வருஷம் பொறுத்து, பிறகு வெல்டிங்கில் விட்டுக்கொள்ளும்.

அமெரிக்காக்காரனும் இதை அறிந்தவன்தான். பக்கத்தை இரும்பில் செய்தாலும் தளத்தை மரத்தில் போட்டான். சாமான் வழுக்காது, கனமான பெட்டியைத் தொப்பென்று போட்டாலும் சொட்டையாகாது, ஒரு பலகை போனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். பக்கவாட்டில் மட்கார்டு வெளியே தெரியும் மாதிரிப் பிக்கப்புகளில் செவர்லே 1987 வரை மரத்தளம் வைத்திருந்தது. பாவுஜியின் வண்டியில் எட்டுப் பலகை. நடுவே ஏழு இரும்புப் பட்டா. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மேல் ஏற்றும் இரும்பு வளையத்துக்கும் எங்கள் ஊரில் பட்டா என்றுதான் பெயர். அந்தப் பட்டாவைத்தான் இந்த வண்டியில் முதலில் உற்றுப் பார்த்தேன். அதில் ஒரு யோசனை இருக்கிறது. போல்ட் எந்தப் பலகையையும் துளைத்துப் போவதில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே உள்ள சந்தில் இறங்குகிறது. பட்டா இருபுறமும் பலகையின் விளிம்பை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். பலகை உள்ளே சும்மா கிடக்கிறது. அகலத்தில் விரியலாம், சுருங்கலாம், யாரும் தடுக்கவில்லை.

பிரித்தபோது மூன்று கைகள் தெரிந்தன. மேலே துத்தநாகத் தகடு அடித்திருந்தது. அதன் கீழே பிளைவுட்; அது அப்பளம் மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. அதற்கும் கீழேதான் பலகைகள். நான்கில் இழைப்புளியை ஒரு தடவை ஓட்டியதும் தேவதாரு வாசம் சந்தனம் மாதிரி எழுந்தது. யாரோ மலைநாட்டு மரத்தில் ரிப்பேர் செய்திருக்கிறார்கள். இரண்டு சீர் பைன். பெட்டிக்கட்டைப் பலகை, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி இரண்டு இடது ஓரத்தில் இருந்தன. கரிப்பிடித்த மாதிரி கறுப்பு, கையில் எடுத்தால் கனம். இழைப்புளியின் முதல் சுருள் கறுப்பாக வந்தது, இரண்டாவது சாம்பலாக, மூன்றாவது தேன் நிறமாக. மூக்கருகே வைத்தேன். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி, எண்ணெயும் தோலும் கலந்த வாசம். தேக்கு. அறுபது வருஷத்துக்கு மேல் அழுக்குக்கும் தகடுக்கும் கீழே கிடந்து, மூன்றாவது சுருளில் நேற்று அறுத்த மாதிரி மணக்கிறது. கூட இருந்த அக்கா மகனைக் கூப்பிட்டு, "மோந்து பாரு மாப்ளே" என்று கையில் கொடுத்தேன். அவன் அந்தச் சுருளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

தளத்தைக் கெடுத்தது பாரம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கட்டிலும் பீரோவும் ஒரு பலகையைக்கூட முறிக்கவில்லை. கெடுத்தது அந்தத் துத்தநாகத் தகடு. பலகை இற்றுப்போகிறதே என்று நல்ல எண்ணத்தில்தான் யாரோ அடித்திருப்பார்கள். ஆனால் ஆணித்துளை வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் திரும்ப வெளியே போக முடியவில்லை. தகடுக்கும் பலகைக்கும் நடுவே தேங்கி, பலகையின் தலைமுனையில் போய் ஊறியது. மரம் பக்கவாட்டில் தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். அறுத்த தலைமுனையிலோ, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி குடிக்கும். தலைமுனை கேபினுக்குப் பின்னால் காற்றுப்படாத மூலையில் இருந்தது. அங்கேதான் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடிவரை இறங்கியது. நனைந்த மரம் சீக்கிரம் காய்ந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. காயவிடாமல் மூடிவைத்தால்தான் பூஞ்சணம் தின்னும். நான் கட்டிய எல்லாத் தளத்திலும் முதலில் யோசிப்பது இதைத்தான்: தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும்?

பாவுஜிக்கு ஓக் வேண்டும் என்று ஆசை. அமெரிக்க வண்டி, அமெரிக்க மரம். நான் இரண்டு பழைய பலகையையும் அவர் முன்னால் வைத்தேன். "இது உங்கள் அப்பா நின்ற பலகை. இது தேக்கு. மீதி ஆறும் தேக்கிலேயே போடுவோம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஓக் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

கீர்த்தி நகர் மரச்சந்தையில் இரண்டு நாள் அலைந்தேன். புதுத் தேக்கு ஏராளமாகக் கிடந்தது. வெள்ளை ஓடிய இளமரம். நான் தேடியது இடித்த வீட்டிலிருந்து வந்த உத்திரம். பழைய உத்திரத்தில் இரண்டு லாபம் உண்டு: மரம் முற்றியது, உள்வரை காய்ந்தது. ஒரு கஷ்டமும் உண்டு. உள்ளே புதைந்த ஆணி. அறுப்பு மில்காரர்கள் பழைய மரத்தைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள், ஒரு ஆணி பட்டால் அவர்களுடைய பிளேடு போச்சு. காந்தத்தைக் கயிற்றில் கட்டி உத்திரத்தின் மேல் அங்குலம் அங்குலமாக நடத்தி, இழுத்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் குறியிட்டு, பதினேழு ஆணி பிடுங்கிய பிறகுதான் மில்லுக்கு அனுப்பினேன்.

காய்ந்த உத்திரம் என்றாலும் அறுத்ததும் உள்பக்கம் புதுக்காற்றைப் பார்க்கிறது. பலகைகளை கராஜிலேயே நடுவே குச்சி வைத்து அடுக்கினேன். கழித்த துண்டு ஒன்றை கோல் மார்க்கெட்டுக் காய்கறிக்காரரின் எலெக்ட்ரானிக் தராசில் வாரத்துக்கு ஒரு தடவை நிறுத்தேன். முதல் வாரம் 1 கிலோ 140 கிராம். பிறகு 1,112. பிறகு 1,090. மே கடைசியில் 1,075இல் வந்து நின்றுவிட்டது. எடை குறைவது நின்றால் மரம் இந்த ஊர்க் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று அர்த்தம். காய்கறிக்காரர் கடைசியில் என்னைவிட ஆவலாக இருந்தார். நான் போனதும் தக்காளியை இறக்கிவிட்டுத் தராசைத் துடைத்துக் கொடுப்பார்.

இவ்வளவு பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை. தில்லி எனக்கு ஒரு தடவை செலவு வைத்துக் கற்றுக்கொடுத்தது. 1984இல் இங்கே வந்தவன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டெம்போவுக்குத் தளம் போட்டேன். மே மாதம். நாக்கும் பள்ளமும் வைத்து, பசை தடவி, பலகைகளை நெருக்கி அடித்து, சந்தே தெரியாமல் பளிங்கு மாதிரி முடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் வண்டிக்காரர் வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். தளம் நடுவில் ஒட்டகத் திமில் மாதிரி மேலே எழும்பி நின்றது. ஓரத்து போல்ட்டுகளில் இரண்டு தலையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. என் கைக்காசைப் போட்டு முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்டினேன். தப்பு முழுக்க என்னுடையது. சங்ககிரியில் மே மாதத்துக்கும் ஐப்பசிக்கும் மரம் அவ்வளவு மாறாது. தில்லியில் லூ என்கிற அனல்காற்று அடிக்கும்போது மரம் எலும்பாகக் காயும், அதற்கு ஆறே வாரத்தில் காற்று ஈரத்தில் நனைந்த போர்வையாகிவிடும். ஆறு அங்குலத் தேக்குப் பலகை ஒன்று அகலத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வரை விரியும். கேட்டால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். எட்டுப் பலகைக்கு அது அரை அங்குலம். அரை அங்குலத்துக்கு இடம் விடாமல் இரும்புக்கு நடுவே இறுக்கினால் மரம் என்ன செய்யும்? மேலேதான் எழும்பும்.

அதனால் இந்தத் தடவை போல்ட் தண்டுக்கு இருபக்கமும் ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்குச் சந்து விட்டேன். காசுகளை நிஜமாகவே நடுவில் வைத்துக்கொண்டே பலகையை அடுக்கினோம். எட்டுப் பலகை, ஏழு சந்து, சந்துக்கு நாலு காசு. மாப்ளே இருபத்தெட்டுக் காசையும் பொறுக்கி எண்ணிப் பார்த்து டப்பாவில் போடுவான்.

பலகையை எந்தப் பக்கம் மேலே வைப்பது என்பதில் ஆசாரிகளுக்குள் சண்டையே வரும். நான் பார்த்த வரையில், தலைமுனையில் வளையங்களைப் பார்த்து, மரத்தின் பட்டையிருந்த பக்கம் மேலே வர வேண்டும், நெஞ்சுப்பக்கம் கீழே போக வேண்டும். காய்ந்த நாளில் பொருத்திய பலகை மழைக்காலத்தில் ஈரம் குடிக்கும்போது பட்டைப்பக்கம் அதிகம் விரியும். அந்தப் பக்கம் லேசாகப் புடைக்கும். தண்ணீர் பலகையின் நடுவில் நிற்காமல் இரண்டு ஓரத்துக்கும் வழிந்து சந்தில் இறங்கிவிடும். வேறு ஊரில், வேறு பருவத்தில் பொருத்துகிறவர்கள் மாற்றிச் சொன்னால் அவர்கள் கணக்கு அவர்களுக்கு. தில்லியில் ஜூன் மாதம் பொருத்துகிறவனுக்கு இதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஜூன் இரண்டாவது வாரம் பொருத்தினோம். பத்தாம் தேதி பாலம் விமான நிலையத்தில் 48 டிகிரி என்று பேப்பரில் போட்டிருந்தது. மந்திர் மார்க் காலையிலேயே வெறிச்சோடிக் கிடந்தது. சாலையில் இருக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடமும் கோடை விடுமுறையில் இருந்தது. என் மகள் படித்தது அங்கேதான், தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளி. அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்து நின்ற வருஷங்களில்தான் இந்தச் சந்தெல்லாம் எனக்குப் பழக்கம். பிர்லா மந்திருக்குப் பின்னால் ரிட்ஜ் காடு முழுக்கச் சீமைக்கருவேலம். இங்கே விலாயதி கீக்கர் என்பார்கள். ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்தும் ஜன்னலைத் திறந்தால் அதே முள்ளுமரம். அந்த வெயிலில் அதுதான் பச்சையாக இருந்தது.

போல்ட்டுகள் சாவ்ரி பஜாரில் வாங்கினேன். உருண்டைத் தலை, தலைக்குக் கீழே சதுரக் கழுத்து. சதுரம் பட்டாவின் சதுரத்துளையில் உட்கார்ந்துகொண்டால் கீழேயிருந்து நட்டை முடுக்கும்போது போல்ட் சுற்றாது. பலகைகளை மாட்டுவதற்கு முன்னாலேயே ஆறு பக்கமும் எண்ணெய் கொடுத்தாகிவிட்டது. கொதிக்கவைத்த ஆளிவிதை எண்ணெய், மூன்று தடவை. தலைமுனைகளுக்கு மட்டும் குடிக்கிற வரைக்கும். ஊரில் லாரித் தளத்துக்குக் கழிவு ஆயிலை அடித்துவிடுவோம். பாவுஜி செருப்பில்லாமல் ஏறப்போகிற தளத்துக்கு அது வேண்டாம். இந்த எண்ணெய் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் காய்கிறபோது சூடு வரும். சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் கூடிக் கூடி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வாளித் தண்ணீரில் முக்கிப் போடுங்கள், அல்லது கொடியில் விரித்துப் போடுங்கள். சின்ன வயதில் எங்கள் பட்டறை மூலையில் சாக்குக் குவியல் ஒன்று ராத்திரியில் புகைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பழைய தேக்குப் பலகை இரண்டையும் இடது ஓரத்தில், இருந்த இடத்திலேயே வைத்தேன். தலைமுனையில் நாலு அங்குலம் இற்றிருந்தது. அதைச் சாய்வாக வெட்டி, உத்திரத்துத் தேக்கில் துண்டு சேர்த்து, சேர்ப்பு குறுக்குக்கட்டையின் மேல் வரும்படி பார்த்துக்கொண்டேன். நிறம் வேறு வேறாகத்தான் இருந்தது. சாயம் பூசி ஒன்றாக்கலாமா என்று மாப்ளே கேட்டான். வேண்டாம் என்றேன். இன்னும் இருபது வருஷம் கழித்து வேறு யாராவது அடியில் படுத்துப் பார்த்தால், எது எந்தக் காலத்து மரம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கேபின் பக்கத்து முனையில் தளத்துக்கும் முன் தகடுக்கும் நடுவே விரல் நுழையும் இடம் விட்டேன். பழைய தளத்தில் அந்த இடத்தைத்தான் தார் வைத்து அடைத்திருந்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு பின்பக்க வலது மூலையில் ஜாக்கி வைத்து அரை அடி தூக்கினோம். மாப்ளே தளத்தின் மேல் குப்புறப்படுத்துப் பலகை முனைகளைப் பார்த்தான். "மாமா, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சம் நவுருது" என்றான். "சத்தம் வருதா?" "இல்லீங்க மாமா." ஜாக்கியை இறக்கினோம். எட்டு முனையும் பழைய கோட்டில் வந்து நின்றன.

மழை அந்த வருஷம் ஜூலை முதல் வாரம்தான் வந்தது. ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம், நல்ல மழை விட்டதும் பாவுஜி போன் செய்தார். வண்டியை கராஜுக்கு வெளியே தள்ளி நனையவிட்டிருக்கிறாராம், வந்து பாருங்கள் என்றார். காளிபாரி கோவிலைத் தாண்டி நடந்து போனேன். சட்டைப்பையில் ஒரு ரூபாய்க் காசு வைத்திருந்தேன். பலகைச் சந்தில் வைத்துப் பார்த்தேன். ஓரத்துப் புதுப்பலகையில் நுழையவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் இறுக்கமாக நுழைந்தது. பழைய தேக்குப் பக்கத்தில் லேசாகவே போய்வந்தது. தளம் மட்டமாக இருந்தது. பலகை நடுவில் கையை வைத்துத் தடவினால் ஈரம்தான், தண்ணீர் இல்லை.

பாவுஜி செருப்பைக் கழற்றிவிட்டு, மாப்ளே தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். அவர் முன்னும் பின்னும் நடப்பது மேலே கேட்டது. சிமென்ட் தரையில் கேபினிலிருந்து பின்கதவு வரை நேர்கோடாக ஏழு ஈரக்கோடுகள் விழுந்திருந்தன. ஏழாவது கோட்டில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.